எட்டுத் துண்டுக்கு எத்தனை புரதம்? துண்டுபட்ட ஆர்என்ஏ வைரஸ்களை வாசிக்கப் பழகுவோருக்கு

இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸைப் பற்றி முதன்முதலாகப் படிக்கிறவர்கள் ஓர் இடத்தில் கணக்கு இடிக்கிறதே என்று நிற்பார்கள். அதன் மரபுத்தொகுதி ஒரே நீள இழையாக இல்லை, எட்டுத் தனித்தனி ஆர்என்ஏ துண்டுகளாக இருக்கிறது என்று பாடநூல் சொல்லும். துண்டுக்கு ஒரு புரதம் என்றால் எட்டு வர வேண்டும். அடுத்த பக்கத்தில் பத்து என்று போட்டிருக்கும். நூல் கொஞ்சம் புதியதாக இருந்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும். இந்த இடத்தில் பெரும்பாலோர் அட்டவணையை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். தேர்வு முடிந்த மறுவாரமே மறந்தும் போயிற்று.

அட்டவணையை மூடி வைத்துவிடுங்கள். ஒரு தாள், ஒரு பென்சில், மூன்றால் வகுக்கத் தெரிந்த மூளை, இவை போதும். டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம் என்ற வரிசையும், மூன்று எழுத்து சேர்ந்தால் ஓர் அமினோ அமிலம் என்ற விதியும் நினைவில் இருந்தால் கீழே உள்ள படிகளைப் பின்தொடரலாம். இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸை முதன்மை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். மற்றவை அவ்வப்போது வந்து போகும்.

படி 1: வைரஸை விட்டுவிட்டு ரைபோசோமைப் பாருங்கள்

வைரஸிடம் ரைபோசோம், அதாவது புரதத்தைக் கோத்துத் தரும் இயந்திரம், கிடையாது. புரதம் வேண்டுமென்றால் நம் செல்லின் ரைபோசோமிடம்தான் கையேந்த வேண்டும். அந்த ரைபோசோம் மூன்று விஷயங்களில் கறாரானது.

ஒன்று, தன்னிடம் வரும் தூது ஆர்என்ஏயின் 5' முனையில், அதாவது தொடக்க முனையில், ‘தொப்பி’ இருக்கிறதா என்று பார்க்கும். தொப்பி என்பது தலைகீழாகப் பொருத்தப்பட்ட ஒரு மெத்தில் குவனோசின். இரண்டு, மறுமுனையில் அடினின்களாலான நீண்ட வால் இருந்தால் விரும்பி வேலை செய்யும். மூன்று, தொப்பியிலிருந்து இழை வழியே ஊர்ந்துவந்து முதலில் தென்படும் ‘ஏயுஜி’ என்ற தொடக்கக் குறியனில் (மூன்றெழுத்துத் தொகுதிக்குக் குறியன் என்று பெயர்) வேலையை ஆரம்பிக்கும். நிறுத்தக் குறியன் வந்ததும் இழையை விட்டுக் கழன்றுவிடும். அதற்குப் பின்னால் இன்னொரு புரதத்துக்கான வரிசை இருந்தாலும் அது பொதுவாகக் கண்டுகொள்வதில்லை.

இந்த மூன்றாவது வழக்கம்தான் முக்கியம். பாக்டீரியாவின் ரைபோசோம் ஒரே தூது ஆர்என்ஏயின் நடுவில் பல இடங்களில் இறங்கிப் பல புரதங்கள் செய்யும். நம்முடையது அப்படியில்லை. ஒரு செய்தி, ஒரு தொடக்கம், ஒரு புரதம். தாவரமோ விலங்கோ, உட்கரு உள்ள செல்லில் பிழைக்க வந்த ஒவ்வொரு ஆர்என்ஏ வைரஸும் இந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறது.

சுவரைத் தாண்ட வழிகள் பல. போலியோ, டெங்கு வைரஸ்கள் எல்லாப் புரதங்களையும் ஒரே நீளச் சங்கிலியாகச் செய்யவைத்து, பிறகு துண்டு துண்டாக வெட்டிக்கொள்கின்றன. கொரோனா வைரஸ்கள் முழு இழையின் பின்பகுதிக்கு மட்டும் சிறிய தூது ஆர்என்ஏக்களைத் தனியாக அச்சடிக்கின்றன. மூன்றாவது வழி, மரபுத்தொகுதியையே துண்டு போட்டுவிடுவது. ஒவ்வொரு துண்டும் தனக்கென ஒரு தூது ஆர்என்ஏயைத் தரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கம் கிடைத்துவிடும்.

வைரஸ் துண்டுபட்டதற்கு இது ஒன்றே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே செல்லில் இரண்டு வகை வைரஸ் புகுந்தால் சீட்டுக்கட்டு கலைப்பதுபோல் துண்டுகளை மாற்றிக்கொள்ளலாம் என்பது இன்னொரு ஆதாயம். 1957, 1968 இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்று வைரஸ்கள் பறவை வைரஸின் துண்டுகளை அப்படி வாங்கிக்கொண்டு வந்தவை. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிராக இந்தியாவில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் ரோட்டாவாக் சொட்டு மருந்தின் 116இ வகையும் இப்படிப்பட்ட கலவைதான். டெல்லியில் பிறந்த குழந்தை ஒன்றிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அந்த மனித வைரஸில், விபி4 புரதத்துக்கான துண்டு மாட்டு வைரஸிலிருந்து வந்தது. ஆதாயத்துக்கு விலையும் உண்டு. வெளியேறும் ஒவ்வொரு வைரஸ் துகளுக்குள்ளும் எட்டுத் துண்டில் ஒன்று விடாமல் போய்ச் சேர வேண்டும்.

படி 2: இழை எந்தப் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள்

எந்த வைரஸை எடுத்தாலும் அடுத்த கேள்வி இது. மூன்றில் ஒரு விடைதான் இருக்கும்.

நேர் இழை: ரைபோசோம் அப்படியே வாசிக்கக்கூடியது. வெள்ளரித் தேமல் வைரஸ் இந்த வகை. அதற்கு மூன்று துண்டுகள். உறைப்புரதம் மூன்றாவது துண்டின் பின்பாதியில் இருப்பதால் ரைபோசோம் அங்கே போய்ச்சேராது. அதற்காக மட்டும் நான்காவதாக ஒரு குட்டித் தூது ஆர்என்ஏயை அச்சடிக்கிறது. ஆக, துண்டு போட்ட பிறகும் பழைய சிக்கல் அங்கே மிச்சமிருக்கிறது.

எதிர் இழை: முத்திரைக் கட்டையில் எழுத்துகள் இடவலம் மாறிச் செதுக்கப்பட்டிருப்பதுபோல, இது செய்தியின் எதிர்ப்படி. மையில் தோய்த்து அழுத்தினால்தான் படிக்க முடியும். அழுத்துகிற நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் நம் செல்லில் இந்த வேலைக்குக் கிடையாது. அதனால் வைரஸ் அதைக் கையோடு கொண்டுவர வேண்டும். இன்ஃப்ளூயன்சா இந்த வகை. மூன்று துண்டுகள் கொண்ட ஹண்டா வைரஸ்களும் அப்படியே. வேலூர் தோட்டப்பாளையத்தின் பெயரைத் தாங்கிய ஒரு ஹண்டா வைரஸ் இருக்கிறது. 1964-ல் மூஞ்சூறு ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஹண்டா என்ற பெயரே வைரஸ் இயலில் நுழையாத காலம் அது. என்ன இனம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இரட்டை இழை: ரோட்டா வைரஸுக்கு இப்படிப் பதினொரு துண்டுகள். ஆடுகளைத் தாக்கும் நீலநாக்கு நோயின் வைரஸுக்குப் பத்து. இரட்டை இழையை ரைபோசோம் வாசிக்காது. போதாக்குறைக்கு, செல்லுக்குள் நீள இரட்டை இழை ஆர்என்ஏ கண்ணில் பட்டாலே எச்சரிக்கை மணி அடித்துவிடும். ஆகவே இந்த வைரஸ்கள் தங்கள் மரபுத்தொகுதியை உறையை விட்டு வெளியே எடுப்பதே இல்லை. உறைக்குள்ளேயே அச்சடித்து, தூது ஆர்என்ஏயை மட்டும் துவாரங்கள் வழியாக வெளியே தள்ளுகின்றன.

ஓர் எச்சரிக்கை. சிறுமலை வாழையைச் சீரழித்த முடிக்கொத்து நோயின் வைரஸும் துண்டுபட்டதுதான், ஆறு துண்டுகள். ஆனால் அது டிஎன்ஏ வைரஸ். இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 3: தொப்பியும் வாலும் எங்கிருந்து வந்தன என்று துப்பறியுங்கள்

எனக்கு இந்த முழுப் பாடத்திலும் மிகவும் பிடித்த பகுதி இது. அவசரப்படாமல் போவோம்.

இன்ஃப்ளூயன்சாவில் ஒரு பழைய புதிர் இருந்தது. அதற்குச் சொந்தப் பாலிமரேஸ் உண்டு. ஆர்என்ஏயிலிருந்து ஆர்என்ஏ செய்கிறது, டிஎன்ஏ பக்கமே போவதில்லை. அப்படியானால் செல்லின் சொந்த டிஎன்ஏ படியெடுப்பை முடக்கினால் வைரஸுக்கு என்ன நட்டம்? நச்சுக் காளானிலிருந்து கிடைக்கும் ஆல்ஃபா அமானிட்டின் என்ற நஞ்சு, செல்லின் இரண்டாம் வகை ஆர்என்ஏ பாலிமரேஸை நிறுத்திவிடும். வைரஸின் நொதியை அது தொடாது. ஆனாலும் அந்த நஞ்சைக் கொடுத்தால் வைரஸும் படுத்துவிட்டது. பக்கத்து வீட்டு அடுப்பை அணைத்தால் நம் வீட்டுச் சோறு வேகாமல் போன கதை.

விடையை 1970-களின் இறுதியில் ராபர்ட் க்ரக் குழுவினர் கண்டார்கள். வைரஸுக்குத் தொப்பி செய்யத் தெரியாது, திருடத் தெரியும். செல்லின் உட்கருவுக்குள் சுடச்சுட உருவாகிவரும் தூது ஆர்என்ஏக்களின் தொப்பியை, அதோடு ஒட்டிய 10 முதல் 13 எழுத்துகள் வரை சேர்த்து நறுக்கி எடுத்து, தன் தூது ஆர்என்ஏயின் தலையில் வைத்துக்கொள்கிறது. செல் புதிய தூது ஆர்என்ஏ செய்வதை நிறுத்திவிட்டால் திருடுவதற்குத் தொப்பி இல்லை. நஞ்சின் மர்மம் அவ்வளவுதான்.

வைரஸ் பாலிமரேஸில் மூன்று புரதங்கள் உண்டு. தாளில் மூன்று வட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பிபி2 தொப்பியைப் பற்றிக்கொள்கிறது, பிஏ நறுக்குகிறது, பிபி1 நறுக்கிய துண்டின் நுனியில் வைரஸின் எழுத்துகளைக் கோத்துக்கொண்டு போகிறது. நறுக்குகிற கத்தி பிஏ-யில்தான் இருக்கிறது என்பது 2009-ல் அதன் முப்பரிமாண அமைப்பைப் பார்த்த பிறகு உறுதியாயிற்று. அந்தக் கத்தியை மழுங்கடிக்கும் பலோக்சாவிர் என்ற மருந்து 2018-ல் ஜப்பானில் அனுமதி பெற்றது. படியெடுப்பின் இந்த ஒரே படியைப் புரிந்துகொண்டதில் கிடைத்த மாத்திரை என்றே அதைச் சொல்லலாம்.

இன்னொரு விளைவையும் கவனியுங்கள். ஒவ்வொரு வைரஸ் தூது ஆர்என்ஏயின் தொடக்கத்திலும் நம் செல்லின் ஏதோ ஒரு மரபணுவின் பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். திருட்டுப் பாத்திரத்தின் விளிம்பில் பழைய சொந்தக்காரரின் பெயர் வெட்டியிருப்பதுபோல. தூது ஆர்என்ஏயை நேரடியாக வரிசைப்படுத்திப் பார்க்கும்போது தொடக்கத்தில் இடத்துக்கு இடம் மாறும் அந்நிய எழுத்துகள் வந்தால் சோதனை கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

வால் விஷயத்தில் திருட்டு இல்லை, திக்கல்தான். எட்டுத் துண்டுகளின் இரு முனைகளிலும் ஏறக்குறைய மாறாத எழுத்துவரிசை உண்டு. ஒரு முனையில் 12, மறுமுனையில் 13. பாலிமரேஸ் துண்டின் 5' முனையைப் பிடித்துக்கொண்டே மறுமுனையிலிருந்து வாசித்து வருகிறது. வாசித்து முடிக்கப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் ஐந்து முதல் ஏழு ‘யு’ எழுத்துகள் வரிசையாக நிற்கும். அதற்கு மேல் இழையை இழுக்க முடியாது, ஏனென்றால் நுனி அதன் பிடியிலேயே இருக்கிறது. இழுபறியில் நின்ற இடத்திலேயே நின்று அந்த ‘யு’க்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ‘யு’வுக்கு எதிரெழுத்து ‘ஏ’. ஏ, ஏ, ஏ என்று வால் நீள்கிறது.

இதிலிருந்து ஒரு முடிவு தானே வருகிறது. வைரஸின் தூது ஆர்என்ஏயில் தலைப்பக்கம் அந்நிய எழுத்துகள் இருக்கின்றன, வால்பக்கம் சில எழுத்துகள் குறைகின்றன. ஆகவே அதை அச்சாக வைத்துப் புதிய மரபுத்தொகுதி செய்ய முடியாது. அதற்குத் தொப்பியும் வாலும் இல்லாத, மரபுத்தொகுதித் துண்டின் முழு எதிர்ப்படி வேறாகத் தயாராகிறது. தூது ஆர்என்ஏயும் முழு எதிர்ப்படியும் ஒரே திசையில் எழுதப்பட்டவை என்பதால் புதியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். தாளில் இரண்டுக்கும் தனித்தனி நிறம் கொடுத்துவிடுங்கள்.

மற்ற வைரஸ்களில் இதே கேள்விக்கு விடை மாறும். ஹண்டா உள்ளிட்ட பன்யா வைரஸ் குடும்பத்தார் உட்கருவுக்குள் போவதில்லை. சைட்டோபிளாசத்திலேயே தொப்பியைத் திருடுகிறார்கள். ரோட்டா வைரஸ் கொஞ்சம் தன்மானக்காரர். விபி3 என்ற சொந்தப் புரதத்தால் தானே தொப்பி செய்துகொள்கிறது. வால் மட்டும் இல்லை. வாலுக்குப் பதிலாக என்எஸ்பி3 என்ற புரதம் தூது ஆர்என்ஏயின் கடைசி நான்கு எழுத்துகளைப் பற்றிக்கொண்டு, மறுகையால் ரைபோசோமை அழைத்துவரும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது.

படி 4: பென்சிலை எடுங்கள், ஏழாவது துண்டைக் கணக்கிடுவோம்

ஆய்வகங்களில் வெகுகாலமாகப் பழகிய ‘போர்ட்டோ ரீக்கோ 8’ என்ற 1934-ஆம் ஆண்டு வகையை எடுத்துக்கொள்வோம். எட்டுத் துண்டுகளின் நீளம்: 2341, 2341, 2233, 1778, 1565, 1413, 1027, 890. கூட்டினால் 13,588 எழுத்துகள்.

பொது மரபணுத் தரவுத்தளத்தில் இந்த வகையின் பெயரையும் துண்டின் எண்ணையும் கொடுத்துத் தேடினால் வரிசை கிடைக்கும். அங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, வரிசை பெரும்பாலும் தூது ஆர்என்ஏயின் திசையில் கொடுக்கப்பட்டிருக்கும். துகளுக்குள் இருப்பது அதன் எதிர்ப்படி. இரண்டாவது, ஆர்என்ஏ வைரஸ் என்றாலும் ‘யு’வின் இடத்தில் ‘டி’ போட்டிருக்கும். இது தெரியாமல் நான் ஒருமுறை வரிசை முழுவதையும் கைப்பட எதிரெழுத்தாக மாற்றி எழுதி, அதில் தொடக்கக் குறியனைத் தேடி ஒரு மாலைப்பொழுதையே தொலைத்திருக்கிறேன். உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

ஏழாவது துண்டு, 1027 எழுத்து. 26-ஆம் எழுத்தில் ஏயுஜி தொடங்குகிறது. அதே சட்டகத்தில், அதாவது அந்த ஏயுஜி-யிலிருந்தே மும்மூன்றாகப் பிரித்து, எண்ணிக்கொண்டு போனால் 784-ல் நிறுத்தக் குறியன் முடிகிறது. 26 முதல் 784 வரை 759 எழுத்துகள். மூன்றால் வகுக்க 253. கடைசி ஒன்று நிறுத்தக் குறியன். மீதி 252 அமினோ அமிலங்கள். இது எம்1, வைரஸ் உறையின் உள்பக்கத்தைத் தாங்கும் புரதம்.

784-க்குப் பிறகு இருநூறுக்கு மேல் எழுத்துகள் சும்மா கிடக்கின்றன. எழுத்துக்கு எழுத்து சிக்கனம் பிடிக்கிற வைரஸ் இவ்வளவு இடத்தை வீணடிக்குமா?

வீணடிக்கவில்லை. சில தூது ஆர்என்ஏக்களில் 51-ஆம் எழுத்துக்குப் பிறகு வெட்டி, 740-ஆம் எழுத்தோடு ஒட்டுகிறார்கள். வெட்டி ஒட்டுவது செல்லின் சொந்த இயந்திரம். நம் மரபணுக்களின் இன்ட்ரான்களை, அதாவது செய்தியில் சேராத இடைத்துண்டுகளை, நீக்குவதற்காக உட்கருவுக்குள் இருப்பது. இன்ஃப்ளூயன்சா மற்ற பல ஆர்என்ஏ வைரஸ்களைப்போல் சைட்டோபிளாசத்தில் தங்காமல் உட்கரு வரை போவதில் கிடைக்கும் இன்னொரு ஆதாயம் இது. இப்போது கணக்கைப் பாருங்கள். 26 முதல் 51 வரை 26 எழுத்து. 740 முதல் 1007 வரை 268 எழுத்து. கூட்டினால் 294. மூன்றால் வகுக்க 98. நிறுத்தக் குறியன் போக 97. இது எம்2, வைரஸின் உறையில் அயனிகளுக்கு வாசல் திறக்கும் சிறு புரதம். அமான்டடின் என்ற பழைய மருந்து அடைத்தது இந்த வாசலைத்தான்.

முதல் பகுதியில் 26 எழுத்து என்றோம். 26 மூன்றால் மீதியின்றி வகுபடாது. எட்டுக் குறியன் போக இரண்டு எழுத்து தொங்கும். அந்த இரண்டோடு 740-ஆம் எழுத்து சேர்ந்து ஒன்பதாவது குறியன் ஆகிறது. எம்1, எம்2 இரண்டுக்கும் முதல் ஒன்பது அமினோ அமிலங்கள் ஒன்றே. அதன் பிறகு எம்2 வேறொரு சட்டகத்தில் ஓடுகிறது. 740-க்கும் 784-க்கும் இடைப்பட்ட எழுத்துகளைப் பாருங்கள். அதே எழுத்துகள் எம்1-க்கு ஒரு பொருளும் எம்2-க்கு வேறொரு பொருளும் தருகின்றன.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது புதிதல்ல. பொதுமொழி என்று ஒன்று உண்டே. ‘அந்தமான்’ என்பதைச் சேர்த்துப் படித்தால் தீவு, ‘அந்த மான்’ என்று பிரித்தால் விலங்கு. ‘பலகை’ மரத்துண்டு, ‘பல கை’ கூட்டு வேலை. ஓலைச்சுவடியில் சொல்லுக்கு இடையே இடம் விடும் வழக்கம் இல்லாததால் எங்கே பிரிப்பது என்பது வாசிப்பவர் பொறுப்பு. ஆர்என்ஏயிலும் இடைவெளி கிடையாது.

படி 5: மீதியுள்ள தந்திரங்களைத் தேடுங்கள்

வெட்டி ஒட்டுவதால் எட்டு பத்தாயிற்று, ஏழாவது துண்டிலும் எட்டாவது துண்டிலும் ஒவ்வொன்று கூடுதல். பத்துக்கு மேல் போவதற்கு ரைபோசோமின் கண்டிப்பில் உள்ள ஓட்டைகளே உதவுகின்றன.

முதல் ஓட்டை, கண்பட்டும் படாமல் நழுவுதல். முதல் ஏயுஜி-யைச் சுற்றியுள்ள எழுத்துகள் எடுப்பாக இல்லையென்றால் சில ரைபோசோம்கள் அதைக் கடந்து அடுத்ததற்குப் போய்விடும். இரண்டாவது துண்டில் பிபி1-இன் தொடக்கம் 25-ஆம் எழுத்து. 119-ஆம் எழுத்தில் வேறு சட்டகத்தில் இன்னொரு ஏயுஜி இருக்கிறது. அங்கே இறங்கிய ரைபோசோம்கள் 87 அமினோ அமிலங்கள் கொண்ட பிபி1-எஃப்2 என்ற புரதத்தைச் செய்கின்றன. 2001-ல் கண்டுபிடித்தார்கள். மாற்றுச் சட்டகங்களிலிருந்து வரும் புரதத் துணுக்குகளை நோய் எதிர்ப்பு டி செல்கள் அடையாளம் காண்கின்றனவா என்று தேடப்போனபோது அகப்பட்டது. எல்லா வகைகளிலும் இது முழுமையாக இல்லை. 2009 பெருந்தொற்று வைரஸில் தொடங்கிய வேகத்திலேயே நிறுத்தக் குறியன் குறுக்கிட்டுவிடும்.

இரண்டாவது ஓட்டை, கால் இடறுதல். மூன்றாவது துண்டை வாசித்துவரும் ரைபோசோம் ஓரிடத்தில் ‘யுயுயு சிஜியு’ என்ற வரிசையைச் சந்திக்கிறது. சிஜியு நம் செல்லில் அதிகம் புழங்காத குறியன்; அதற்கான அமினோ அமிலம் வந்துசேரத் தாமதமாகும். காத்திருக்கும் ரைபோசோம்களில் நூற்றில் ஓரிரண்டு, ஒரே ஓர் எழுத்து முன்னால் வழுக்கிவிடும். அந்தக் கணத்திலிருந்து சட்டகமே மாறிவிடுகிறது. முதல் 191 அமினோ அமிலங்கள் பிஏ-யினுடையவை, அதற்குப் பின் 61 அமினோ அமிலங்கள் புத்தம் புதியவை. மொத்தம் 252. இது பிஏ-எக்ஸ், 2012-ல் அறிவிக்கப்பட்டது. அந்தத் துண்டின் எழுத்துவரிசை 1980-களின் தொடக்கத்திலேயே தெரியும். முப்பது ஆண்டுகள் எல்லோர் கண்முன்னும் கிடந்தது, யாருக்கும் தெரியவில்லை. ஆகவே ‘இன்ஃப்ளூயன்சாவுக்கு இத்தனை புரதம்’ என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த ஆண்டு நூல் என்று கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, நின்ற இடத்திலேயே கிளம்புதல். இது இன்ஃப்ளூயன்சா பி-யின் வித்தை. அதன் ஏழாவது துண்டில் எம்1 முடியும் இடத்தில் ‘யுஏஏயுஜி’ என்று ஐந்தெழுத்து இருக்கிறது. முதல் மூன்று எழுத்தான யுஏஏ எம்1-க்கு நிறுத்தம், கடைசி மூன்றான ஏயுஜி பிஎம்2 என்ற அடுத்த புரதத்துக்குத் தொடக்கம். நடுவிலுள்ள ‘ஏ’ இரண்டுக்கும் பொது. நிறுத்தத்தில் இறங்க வேண்டிய ரைபோசோம்களில் சில இறங்காமல் அங்கேயே மறுபடி புறப்படுகின்றன. ஏ வகை வெட்டி ஒட்டிச் செய்யும் வேலையைப் பி வகை இந்த ஐந்தெழுத்தால் செய்துகொள்கிறது.

நான்காவது, இருபுறமும் எழுதுதல். நிலக்கடலையில் மொட்டுக் கருகலை உண்டாக்கி இலைப்பேன்களால் பரவும் வைரஸுக்கு மூன்று துண்டுகள். அதன் சிறிய துண்டின் ஒரு பாதி எதிர் இழை, மறுபாதி நேர் இழை. லாசா காய்ச்சல் வைரஸின் இரண்டு துண்டுகளும் இப்படித்தான். புதியவர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள்: நேர்ப்பாதியை ரைபோசோம் உடனே வாசித்துவிடும் என்று நினைப்பது. வாசிக்காது, அந்தப் பாதிக்கும் தொப்பி வைத்த தனித் தூது ஆர்என்ஏ வேண்டும். அதை அச்சடிக்க முழு எதிர்ப்படி முதலில் தயாராக வேண்டும். ஆகவே எதிர்ப்பாதியில் உள்ள புரதம் முன்னால் வரும், நேர்ப்பாதியில் உள்ளது தாமதமாக வரும். எழுதிவைத்த பக்கமே கால அட்டவணையாகவும் வேலை செய்கிறது.

படி 6: சங்கிலி முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று தொடருங்கள்

சில புரதங்கள் ரைபோசோமை விட்டு இறங்கும்போது அரைகுறையானவை. நான்காவது துண்டின் ஹீமக்ளூட்டினின் எண்டோபிளாச வலைக்குள் பிறந்து, சர்க்கரைச் சங்கிலிகளை ஏற்றுக்கொண்டு செல்லின் மேற்பரப்புக்கு வருகிறது. ஆனால் அதை இரண்டாக வெட்டும் வரை வைரஸ் அடுத்த செல்லுக்குள் நுழைய முடியாது. வெட்டுகிறவை நம் சுவாசப் பாதையில் உள்ள டிரிப்சின் போன்ற நொதிகள். ஆய்வகச் செல்வளர்ப்பில் அந்த நொதி போதாது என்பதால்தான் ஊடகத்தில் டிரிப்சின் சேர்க்கிறோம். அதே நேரம் சீரத்தைத் தவிர்க்கிறோம், சீரம் டிரிப்சினை முடக்கிவிடும். ரோட்டா வைரஸ் வளர்ப்பிலும் டிரிப்சின் உண்டு, அங்கே வெட்டுப்படுவது விபி4. நெறிமுறைத் தாளில் ஒரு வரியாகக் கிடக்கும் இந்தக் குறிப்பை விட்டுவிட்டு, வைரஸ் ஏன் பெருகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. கோழிகளைக் கூண்டோடு கொல்லும் எச்5 வகைகளில் இந்த வெட்டுமிடம் மாறியிருப்பதால், உடலெங்கும் உள்ள ஃபியூரின் என்ற நொதியே வெட்டிவிடுகிறது. நோய் நுரையீரலோடு நிற்பதில்லை.

பாலிமரேஸ் புரதங்களும் உட்கருப் புரதமும் சைட்டோபிளாசத்தில் பிறந்து, மறுபடி உட்கருவுக்குத் திரும்ப வேண்டும். பிபி1-ம் பிஏ-யும் ஜோடியாகப் போகின்றன, பிபி2 தனியாகப் போகிறது.

இத்தனைக்கும் நடுவே செல்லின் சொந்தச் செய்திகள் ரைபோசோமுக்குப் போட்டியாக நிற்கின்றன. எட்டாவது துண்டின் என்எஸ்1, மனிதரிடம் பரவும் பல வகைகளில், செல்லின் தூது ஆர்என்ஏக்களுக்கு வால் ஒட்டும் இயந்திரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. வைரஸுக்குப் பாதிப்பில்லை. அது திக்கித் திக்கித் தானே வால் செய்துகொள்கிறதே. படி 3-ல் பார்த்த விநோதத்தின் பயன் இங்கே தெரிகிறது. பிஏ-எக்ஸ் தன் பங்குக்குச் செல்லின் தூது ஆர்என்ஏக்களை வெட்டித் தீர்க்கிறது.

படி 7: நீங்களே ஒன்றைச் செய்து பாருங்கள்

அதே போர்ட்டோ ரீக்கோ வகையின் எட்டாவது துண்டை எடுங்கள், 890 எழுத்து. என்எஸ்1 27-ல் தொடங்கி 719-ல் முடிகிறது. வெட்டி ஒட்டிய செய்தியில் 27 முதல் 56 வரையும், 529 முதல் 864 வரையும் மட்டும் இருக்கின்றன. அது தரும் புரதம், புதிதாகச் செய்த வைரஸ் துண்டுகளை உட்கருவிலிருந்து வெளியே அனுப்பிவைக்கிறது. இரண்டு புரதங்களுக்கும் எத்தனை அமினோ அமிலம், முதல் எத்தனை பொதுவானவை, எந்த எழுத்துகள் இரண்டு சட்டகத்திலும் வாசிக்கப்படுகின்றன என்று கணக்கிடுங்கள். கீழே பார்க்காமல் செய்ய வேண்டும்.

என்எஸ்1-க்கு 693 எழுத்து, 231 குறியன், 230 அமினோ அமிலம். மற்றதற்கு 30-ம் 336-ம் சேர்ந்து 366 எழுத்து, 122 குறியன், 121 அமினோ அமிலம். 30 மூன்றால் சரியாக வகுபடுவதால் முதல் பத்தும் பொது, எதுவும் தொங்கவில்லை. இரண்டு சட்டகத்திலும் வாசிக்கப்படுபவை 529 முதல் 719 வரை, 191 எழுத்துகள். உங்களுக்கு 190 வந்திருந்தால் கழித்த பிறகு ஒன்று கூட்ட மறந்திருக்கிறீர்கள். அந்தப் பிழையை நான் இன்னமும் செய்கிறேன்.